பற்றும் வரவும்: சமூக ஊடகமும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும்

வங்கிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் எவருக்கும் 'பற்று', 'வரவு' என்னும் இரு சொற்களும் பழக்கமானவை. கணக்கிலிருந்து வெளியே செல்வது பற்று. உள்ளே வருவது வரவு. பற்று என்ற அதே சொல்லுக்கு அன்பு, பிடிப்பு என்ற பொருளும் தமிழில் உண்டு. ஒரு கடையின் மீதோ ஒரு நிறுவனத்தின் பொருளின் மீதோ நாம் கொள்ளும் பற்று, பெரும்பாலும் நம் கணக்கில் ஒரு பற்றாகவே சென்று முடிகிறது. அதற்கு ஈடான வரவு நமக்குக் கிடைக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினாவாகும்.

ஒரு காலத்தில் இத்தகைய பற்று நேர்ப்பழக்கத்தால் வளர்ந்தது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் நம் குடும்பத்தினரின் பெயர்களை அறிந்திருந்தார். மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு பொருள் கொடுத்தார். வண்டு விழுந்த பருப்பைத் திருப்பிக் கொடுத்தால் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார். இன்று அந்த இடத்தின் பெரும்பகுதியைக் கைபேசித் திரை பிடித்துக்கொண்டுள்ளது. சோப்பு, காலணி, தேநீர், காப்பீடு, வங்கி எனப் பல துறைகளின் வணிகப்பெயர்களும் முகநூல், இன்ஸ்டாகிராம், எக்ஸ், யூடியூப் ஆகிய தளங்களில் நம்மோடு உரையாடுகின்றன. பண்டிகைக்கு வாழ்த்துக் கூறுகின்றன. கிரிக்கெட் போட்டியன்று நகைச்சுவை செய்கின்றன. நாம் எழுதும் குறைக்குப் பெயர் சொல்லி மறுமொழி தருகின்றன. இவ்வுரையாடலில் நாம் பங்குகொள்வதையே வணிகவியலார் 'ஈடுபாடு' என்கின்றனர். விருப்பக்குறி இடுதல், பகிர்தல், கருத்து எழுதுதல், பின்தொடர்தல் ஆகியன அதன் வடிவங்கள்.

இந்த ஈடுபாடு நம் பற்றை எவ்வாறு வளர்க்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் அது நம் பணத்துக்கே ஊறாக மாறுகிறது என்பவற்றை முறையாக அறிந்துகொள்வது, வங்கியில் கணக்கு வைத்துள்ள ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

பற்றின் நான்கு வகைகள்

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வாங்குவதாலேயே ஒருவர் அதன்மீது பற்றுடையவர் என்று கூறிவிட முடியாது. 1994-ஆம் ஆண்டில் ஆலன் டிக் என்பவரும், கொல்கத்தாவில் பிறந்த குணால் பாசு என்பவரும் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை இதனைத் தெளிவுபடுத்தியது. பற்றை அளக்க இரண்டு அளவுகோல்கள் வேண்டும் என்றனர் அவர்கள். ஒன்று மனநிலை, மற்றொன்று செயல். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நான்கு வகைகள் கிடைக்கின்றன.

மனத்திலும் விருப்பம், செயலிலும் தொடர்ச்சி இருப்பின் அது உண்மைப் பற்று. வழக்கமாக வாங்கும் காப்பித்தூள் அருகிலுள்ள கடையில் இல்லையெனில், இரண்டு தெரு தள்ளிச் சென்றாவது அதையே வாங்கி வருபவரிடம் இருப்பது இதுவே. விருப்பம் மிகுந்திருந்தும் வாங்குதல் நிகழாவிடில் அது உள்ளுறைப் பற்று. விலையுயர்ந்த மகிழுந்து நிறுவனத்தின் பக்கத்தைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் விருப்பக்குறி இடும் கல்லூரி மாணவர் இதற்கு எடுத்துக்காட்டு. விருப்பம் இல்லாதபோதும் வேறு வழியின்றியோ, மாற்றிக்கொள்ளும் தொல்லைக்கு அஞ்சியோ தொடர்ந்து வாங்குவது போலிப் பற்று. கைபேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-ஆம் நாள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வரும்வரை, எண்ணை இழக்க மனமின்றிப் பிடிக்காத நிறுவனத்திலேயே தங்கியிருந்தோர் பலர். அவர்கள் வாடிக்கையாளர்களாக இருந்தனரே அன்றிப் பற்றாளர்களாக இருந்தனர் என்று கூற இயலாது. விருப்பமும் தொடர்ச்சியும் இரண்டுமே இல்லாதது நான்காம் வகை.

சமூக ஊடகத்தின் ஆற்றலும் எல்லையும் இப்பகுப்பிலேயே விளங்கிவிடுகின்றன. அது முதன்மையாக மனநிலையை உருவாக்குகிறது. அம்மனநிலை செயலாக மாறுவதும், அச்செயல் நீடிப்பதும் பொருளின் தரம், விலை, கிடைக்கும் வசதி, குறை தீர்க்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்தவை.

ஈடுபாடு பற்றாக மாறும் விதம்

அடிக்கடி கண்ணில் படும் ஒன்று மெல்ல மெல்லப் பிடித்துப்போவது மனித இயல்பு. அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்களையும் அறியாதோரின் நிழற்படங்களையும் மக்களுக்குப் பலமுறை காட்டிப் பார்த்தார். அதிக முறை பார்த்தவற்றையே அவர்கள் நல்லவையாகக் கருதினர். நாள்தோறும் நம் திரையில் தோன்றும் வணிகப்பெயரும் இவ்வாறே நமக்கு அறிமுகமான முகமாகிவிடுகிறது. கடை அலமாரியில் பத்துப் பொட்டலங்கள் வரிசையாக நிற்கும்போது, கை தானாக அந்த அறிமுகமான பெயரை நோக்கிச் செல்கிறது.

இரண்டாவது காரணம், ஒருதலையான நட்புணர்வு. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய இருவரும் 1956-லேயே இதனை விளக்கியுள்ளனர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோரை நேயர்கள் தம் நெருங்கிய நண்பரைப் போலவே உணர்கின்றனர்; தோன்றுபவருக்கோ அந்த நேயர் யாரென்றே தெரியாது. சமூக ஊடகம் இவ்வுணர்வைப் பன்மடங்கு பெருக்கியுள்ளது. சமையற்கட்டிலிருந்தும் படுக்கையறையிலிருந்தும் பேசுகின்ற ஒருவர் ஒரு பொருளைப் பரிந்துரைக்கும்போது, அது விளம்பரமாக அன்றி உறவினர் கூறும் யோசனையாக நம் செவியில் விழுகிறது.

மூன்றாவது காரணம், கூட்டத்தில் ஒருவராக இருக்கும் மகிழ்ச்சி. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிளை வைத்திருப்போர் குழுக்களாகச் சேர்ந்து நெடும்பயணம் போவதையும், பயணப் படங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதையும் நாம் காண்கிறோம். அங்கே ஒருவரை வணிகப்பெயரோடு பிணைப்பது விளம்பரமன்று. பிற உரிமையாளர்களின் தோழமையே.

நான்காவது காரணம், செவிமடுக்கப்படும் நிறைவு. குறை கூறியவருக்கு விரைந்து மறுமொழி அளித்து அதைத் தீர்த்துவைக்கும் நிறுவனத்தின் மீது ஏற்படும் மதிப்பு சிறிதன்று. ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'வருந்துகிறோம்' என்னும் மறுமொழி ஒன்று. குறை உண்மையில் தீர்வது மற்றொன்று. முதலாவது ஈடுபாட்டைக் காட்டும். இரண்டாவதே பற்றைத் தாங்கும்.

அமுல்: படம் ஈர்த்தது, பொருள் காத்தது

வணிகப்பெயர் ஒன்று மக்களோடு உரையாடுவது சமூக ஊடகத்தால் தோன்றிய புதுமையன்று. குஜராத் மாநிலம் ஆனந்த் நகரைச் சேர்ந்த அமுல் இதற்குச் சிறந்த சான்று. 1946-இல் பதிவு பெற்ற கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியத்திலிருந்து வளர்ந்தது இப்பெயர். 1966-இல் விளம்பர வல்லுநர் சில்வெஸ்டர் டாகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் அமுல் வெண்ணெய்க்காகப் புள்ளியிட்ட சட்டை அணிந்த ஒரு சிறுமியின் உருவத்தை அமைத்தனர். நாட்டு நடப்பைப் பற்றிச் சிலேடையாக ஒரு வரி கூறும் அச்சிறுமி, அன்று சாலையோர விளம்பரப் பலகைகளில் தோன்றினாள். தேர்தல், கிரிக்கெட், திரைப்படம், விலைவாசி என எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. இன்று அதே சிறுமி சமூக ஊடகங்களில் தோன்ற, மக்கள் அப்படங்களைத் தாமே பகிர்கின்றனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவதாக, அப்படங்களில் 'வாங்குங்கள்' என்ற வற்புறுத்தல் முன்னிற்பதில்லை. அன்றாடப் பேச்சில் கலந்துகொள்ளும் அண்டை வீட்டுக்காரரைப் போல அவ்விளம்பரம் நடந்துகொள்கிறது. இரண்டாவதாக, படம் எவ்வளவு நகைப்பூட்டினாலும், காலையில் ரொட்டியில் தடவும் வெண்ணெய் கெட்டிருந்தால் மறுநாள் அந்தப் பெயர் நம் வீட்டுக்குள் வராது. ஊர்தோறும் உறுப்பினர்களிடமிருந்து காலையும் மாலையும் பாலைத் திரட்டி, தரம் பார்த்து, குளிர்ச்சி குன்றாமல் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அப்படங்களுக்குப் பின்னால் இயங்குகிறது. நம் கவனத்தை ஈர்ப்பது படம். நம் வாடிக்கையைக் காப்பது அந்த ஏற்பாடு.

மேகி: இல்லாமையில் வெளிப்பட்ட பற்று

பற்று உண்மையானதா என்பது சோதனைக் காலத்திலேயே தெரியவரும். 1983 முதல் இந்தியச் சந்தையில் இருந்துவந்த மேகி நூடுல்ஸ், 2015-இல் அத்தகைய சோதனையைச் சந்தித்தது. அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிகுதியான ஈயம் இருப்பதாகச் சில ஆய்வக அறிக்கைகள் தெரிவித்ததை அடுத்து, அவ்வாண்டு ஜூன் 5-ஆம் நாள் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அப்பொருளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட்டது. பல்லாயிரம் டன் நூடுல்ஸ் கடைகளிலிருந்து திரட்டப்பட்டு அழிக்கப்பட்டது.

அந்நாள்களில் சமூக ஊடகம் இரு திசைகளிலும் இயங்கியது. அச்சமும் சினமும் கொண்ட பதிவுகள் ஒருபுறம் பெருகின. விடுதியில் தங்கிப் படித்த நாள்களையும், நள்ளிரவில் சமைத்து உண்டதையும் நினைத்து ஏங்கும் பதிவுகள் மறுபுறம் வந்தன. நிறுவனம் அந்த ஏக்கத்தையே குறும்படங்களாக்கி, 'நாங்களும் உங்களைப் பிரிந்து வாடுகிறோம்' என்னும் கருத்தில் வெளியிட்டது. நவம்பரில் மேகி மீண்டும் விற்பனைக்கு வந்தபோது, இணைய அங்காடி ஒன்றில் வைக்கப்பட்ட 60,000 வரவேற்புப் பெட்டிகள் 5 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் அது நூடுல்ஸ் சந்தையில் மீண்டும் முதலிடம் பெற்றது.

இது முழுவதும் சமூக ஊடகத்தின் வெற்றி என்று கொள்வது பிழையாகும். இடையில் நிகழ்ந்ததை மறந்துவிடலாகாது. 2015 ஆகஸ்டு 13-ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. எனினும் அங்கீகாரம் பெற்ற 3 ஆய்வகங்களில் புதிதாகச் சோதனை நடத்தி, ஈயம் வரம்புக்குள் இருப்பது உறுதியான பின்னரே விற்கலாம் என்ற நிபந்தனையை விதித்தது. அச்சோதனைகளில் தேறிய பின்பே பொருள் கடைகளுக்கு வந்தது. வாசல்வரை மக்களை அழைத்து வந்தது பற்று. கதவைத் திறந்தது சோதனைச் சான்று. நுகர்வோரின் அன்பு எவ்வளவு மிகுந்திருந்தாலும், அது ஆய்வகத்தின் பணியைச் செய்துவிட முடியாது.

எண்கள் கூறுவதும் கூறாததும்

ஒரு பக்கத்தைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கண்டு அந்நிறுவனத்தின் தகுதியை மதிப்பிடுவது இன்று பரவலான பழக்கமாகிவிட்டது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பக்கத்துக்கு 1,00,000 பேர் பின்தொடர்வோர் எனக் கொள்வோம். ஒரு பதிவுக்கு 2,000 பேர் விருப்பக்குறியோ கருத்தோ இட்டால், ஈடுபாட்டு வீதம் 2 சதவீதம் ஆகிறது. ஆனால் அந்த 2,000 பேரில் பொருளை வாங்கியவர் எத்தனை பேர்? வாங்கியவருள் மறுமுறை வாங்கியவர் எத்தனை பேர்? பரிசுப் போட்டிக்காக மட்டும் குறியிட்டவர் எத்தனை பேர்? இவ்வினாக்களுக்கு அந்த 2 சதவீதம் விடை கூறாது. போதாக்குறைக்கு, பின்தொடர்வோரையும் விருப்பக்குறிகளையும் காசு கொடுத்து வாங்கும் வழக்கமும் உண்டு.

மக்கள் வாங்கும் முறையைப் பல்லாண்டு காலம் ஆராய்ந்த புள்ளியியலறிஞர் ஆண்ட்ரூ எரென்பெர்க் மற்றோர் உண்மையையும் எடுத்துக்காட்டினார். பெரும்பாலான குடும்பங்கள் ஒரே வணிகப்பெயரை மட்டும் நம்பி இருப்பதில்லை. இரண்டு மூன்று பெயர்களை மனத்திற்கொண்டு, கிடைப்பதையும் விலையையும் பார்த்து மாற்றி மாற்றி வாங்குகின்றன. நாம் இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. மாற்றை அறிந்து வைத்திருப்பதே நுகர்வோரின் வலிமை.

பரிந்துரையும் சட்டமும்

பணம் பெற்றுக்கொண்டு தரப்படும் பரிந்துரை, உள்ளன்போடு தரப்படுவது போலத் தோன்றுமாயின் அதனை நம்புவோர் ஏமாறுவர். இதனை உணர்ந்தே நம் நாட்டில் சில கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டுள்ளன. இந்திய விளம்பரத் தரநிலைக் கழகத்தின் நெறிமுறைகளின்படி, 2021 ஜூன் முதல் சமூக ஊடகச் செல்வாக்காளர்கள் விளம்பரப் பதிவுகளை விளம்பரம் என்றே வெளிப்படையாகக் குறிப்பிடல் வேண்டும். பணம் மட்டுமன்றி, இலவசப் பொருள், பயணச் செலவு போன்ற பயன்களைப் பெற்றிருந்தாலும் அதனைத் தெரிவிக்க வேண்டும் என நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறிழைத்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. பொருளைப் பரிந்துரைப்போரும் இதற்கு விலக்கல்லர்.

இணையத்தில் காணப்படும் நுகர்வோர் மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டுள்ளது. 'இன்னும் 2 மட்டுமே மீதம்', '10 நிமிடத்தில் முடிகிறது' என்பன போன்ற போலி அவசரம் உள்ளிட்ட 13 வகைத் தந்திரங்கள் 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தால் தடை செய்யப்பட்டன. இவற்றுள் ஏதேனும் ஒன்றால் பாதிக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

முதலீட்டு யோசனை கூறுவோரைப் பற்றித் தனியே கூறவேண்டியுள்ளது. சோப்பு தேர்வில் தவறினால் இழப்பு சில ரூபாய். முதலீட்டில் தவறினால் பல்லாண்டுச் சேமிப்பே கரையும். பங்குகளைப் பற்றிப் பரிந்துரை வழங்குவோர் இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமாகிய செபியிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். எத்தனை லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும், பதிவெண் இல்லாதவரின் பேச்சைக் கேட்டுப் பணம் போடுதல் தகாது.

வங்கியும் வதந்தியும்

பற்றை வளர்க்கும் சமூக ஊடகமே அதனை ஒரே நாளில் கரைக்கவும் வல்லது. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச் 8-ஆம் நாள், தன் வசமிருந்த கடன் பத்திரங்களை ஏறத்தாழ 180 கோடி டாலர் இழப்பில் விற்றதாக அறிவித்தது. அவ்வங்கியின் வாடிக்கையாளர்களுள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நன்கறிந்த புதுத்தொழில் நிறுவனத்தார். எச்சரிக்கைச் செய்திகள் கைபேசிக் குழுக்களிலும் சமூக ஊடகத்திலும் பரவின. மறுநாள் மட்டும் 4,200 கோடி டாலர் வெளியே எடுக்கப்பட்டது. மார்ச் 10-ஆம் நாள் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வங்கியை மூடினர்.

செய்தி பரவிய வேகம் சமூக ஊடகத்தின் செயல். ஆனால் அடிப்படைப் பலவீனம் வட்டி உயர்வினால் மதிப்பிழந்த பத்திரங்களில் இருந்தது. காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட வைப்புகள் அங்கே மிகுந்திருந்ததும் அச்சத்தைப் பெருக்கியது. ஆகவே ஒரு வங்கியைப் பற்றிய புகழ்ச்சியையும் வதந்தியையும் நாம் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் சான்று கேட்க வேண்டும். நம் நாட்டில் ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இவ்வரம்பு நடைமுறையில் உள்ளது. திரையில் ஓடும் ஒரு வரியைக் கண்டு பதறுமுன், இந்திய ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு ஏதேனும் உள்ளதா எனப் பார்ப்பது நலம்.

குறையைக் கூறும் இடம்

ஈடுபாடு நம் பணத்துக்கு ஊறாகும் இடத்துக்கு இப்போது வருகிறோம். ஏடிஎம்மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சினமுற்ற வாடிக்கையாளர் வங்கியின் பெயரைச் சுட்டிச் சமூக ஊடகத்தில் பொதுவெளியில் எழுதுகிறார். கைபேசி எண்ணையும் சேர்த்தே எழுதிவிடுகிறார். சில நிமிடங்களில் வங்கியின் சின்னத்தோடும், ஏறத்தாழ அதே பெயரோடும் ஒரு கணக்கிலிருந்து மறுமொழி வருகிறது: 'சிரமத்துக்கு வருந்துகிறோம், இப்படிவத்தை நிரப்புங்கள்' என்று. அல்லது, திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவுமாறு தொலைபேசியில் ஒருவர் பணிவாகக் கேட்கிறார். செவிமடுக்கப்படும் நிறைவில் வாடிக்கையாளர் தயக்கத்தை விடுகிறார். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் கைமாறுகிறது. சேமிப்பும் உடன் செல்கிறது.

பற்றை வளர்க்கும் அதே பணிவும் விரைவும் இங்கே தூண்டிலாகப் பயன்படுகின்றன. இத்தகைய போலி வாடிக்கையாளர் சேவை எண்களையும், திரைப் பகிர்வு மோசடியையும் இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு விளக்கியுள்ளது.

இதில் வருந்தத்தக்கது யாதெனில், மேற்கூறிய குறைக்குப் பொதுவெளியில் எழுத வேண்டிய தேவையே இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிமுறைப்படி, பணம் வராமலே ஏடிஎம் பரிவர்த்தனையில் கழிக்கப்பட்ட தொகையை 5 நாள்களுக்குள் வங்கியே திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈட்டுத்தொகை உண்டு. யூபிஐ வழியே அனுப்பிய பணம் பெறுநர் கணக்கில் சேராவிடில், மறுநாளுக்குள் திருப்பப்பட வேண்டும். அதற்கும் அதே ஈட்டுத்தொகை பொருந்தும்.

குறையை முதலில் வங்கிக் கிளையிலோ, வங்கியின் அதிகாரப்பூர்வ வலைத்தளத்திலோ பதிந்து, பதிவெண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 30 நாள்களுக்குள் மறுமொழி வராவிடிலோ, வந்த மறுமொழி நிறைவளிக்காவிடிலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2021 நவம்பர் 12-ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், நாடு முழுவதற்கும் ஒரே வாயிலை அமைத்துத் தந்தது. விவரம் அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

மோசடி நிகழ்ந்துவிட்டால், காலமே பணம். உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் அழைத்தல் வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறியின்படி, வங்கியின் தவறோ நம் தவறோ இன்றி வேறிடத்தில் நேர்ந்த கசிவினால் பணம் போயிருந்தால், 3 வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவர் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லை நாமே கூறியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையதாகிவிடும். ஆகவே நாணித் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பைப் பெருக்கும்.

பற்று வைக்குமுன் ஐந்து வினாக்கள்

ஒரு வணிகப்பெயரோடு நாம் கொண்டுள்ள பிணைப்பை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்குப் பார்ப்பது நன்று. அதற்குப் பின்வரும் வினாக்கள் துணைபுரியும்.

1. இப்பெயரை நாம் விரும்பக் காரணம் அதன் பொருளா, பேச்சா? பதிவுகளை ஒரு மாதம் பார்க்காதிருந்தாலும் இதையே வாங்குவோமா?

2. குறை கூறியபோது நமக்குக் கிடைத்தது மறுமொழியா, தீர்வா? அது எத்தனை நாளில் கிடைத்தது?

3. பரிந்துரைத்தவர் அதனால் பயன் பெறுகிறாரா? அதை வெளிப்படையாகக் கூறியுள்ளாரா?

4. இதே தரத்தில் வேறு பொருள் என்ன விலைக்குக் கிடைக்கிறது? விட்டு விலக நினைத்தால் எளிதில் விலக முடியுமா?

5. சலுகைப் புள்ளிகளின் உண்மை மதிப்பு என்ன? எடுத்துக்காட்டாக, 100 ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு என்றால், 10,000 ரூபாய் செலவுக்குக் கிடைப்பது 25 ரூபாய். அத்தொகையைக் கடன் அட்டையில் செலுத்தாமல் விட்டு, மாதம் 3.5 சதவீத வட்டி விதிக்கப்பட்டால் நாம் இழப்பது 350 ரூபாய்.

இவ்வினாக்கள் வங்கிக்கும் பொருந்தும். நம் வங்கியின் பக்கம் எத்தனை விருப்பக்குறிகள் பெற்றுள்ளது என்பதைவிட, நாம் அளித்த விண்ணப்பம் எத்தனை நாளில் முடிந்தது, கட்டணங்கள் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டனவா, மூத்த குடிமக்களுக்குக் கிளையில் உரிய உதவி கிடைக்கிறதா என்பவையே நம் பற்றுக்கு அடிப்படையாக இருத்தல் தகும். இவ்வாறு கேள்வி கேட்கும் வாடிக்கையாளரைக் கண்டு நல்ல நிறுவனம் அஞ்சுவதில்லை. அவரது கேள்வியே தன் சேவையைச் செம்மைப்படுத்தும் என அது அறியும்.

சமூக ஊடகத்தை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. புதிய பொருளை அறிவதற்கும், பிறர் பட்ட அனுபவத்தைக் கேட்பதற்கும், நம் குரலை நிறுவனத்தின் செவியில் சேர்ப்பதற்கும் அது நல்ல கருவி. விருப்பக்குறி இடுவதற்கு ஒரு விரலசைவு போதும். அதை எளிதாகவே கொடுக்கலாம். நம் பற்றையும் பணத்தையும் கொடுப்பதற்கு மட்டும், வரவுப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.